‘என்ட்ரி’: உள்ளே நுழைவதும் ஏட்டில் ஏறுவதும்

ஆங்கிலத்தின் ‘என்ட்ரி’ என்ற சொல்லுக்கு முதன்மையான பொருள்கள் இரண்டு. ஓர் இடத்துக்குள் நுழைவது ஒன்று. ஏட்டிலோ பட்டியலிலோ எழுதப்பட்ட தனிக் குறிப்பு மற்றொன்று. பொருட்காட்சி வாசலில் கிழித்துக் கொடுக்கும் சீட்டில் இருப்பது முதல் பொருள். வங்கி முகப்பில் பாஸ்புக்கை நீட்டி, “என்ட்ரி போட்டுக் கொடுங்க சார்” என்று கேட்கும்போது வருவது இரண்டாவது பொருள். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிக்கொண்ட இவ்விரண்டையும் தமிழ் ‘நுழைவு’ என்றும் ‘பதிவு’ என்றும் தனித்தனியே வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படும் படிவங்களிலும் சட்ட வாசகங்களிலும் இந்தச் சொல் தடுமாற வைப்பதற்குக் காரணம் இதுதான்.

லத்தீனில் ‘இன்ட்ரா’ என்றால் உள்ளே என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘இன்ட்ராரே’ என்ற வினை பழைய பிரெஞ்சில் ‘என்ட்ரர்’ ஆனது. அதன் பெயர்ச்சொல் வடிவமே 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்கு முன் ஆங்கிலேயர்கள் ‘இன்காங்’ என்ற சொந்தச் சொல்லைப் புழங்கினார்கள். அதன் உடன்பிறப்பான ‘ஐன்காங்’ இன்றும் ஜெர்மனியில் கட்டட வாசல்கள்தோறும் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அது வழக்கொழிந்துபோய், அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பேசப்பட்ட பிரெஞ்சுச் சொல் நிலைத்துவிட்டது.

முதலில் நுழையும் செயலையும் நுழையும் வழியையும் மட்டுமே இந்தச் சொல் குறித்தது. வழி என்ற அந்தப் பழைய பொருள் சில ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட்டில் பெரிய தெருக்களை இணைக்கும் குறுகிய சந்துகளுக்கு ‘என்ட்ரி’ என்றே பெயர். ‘ஜாய்ஸ் என்ட்ரி’, ‘பாட்டிங்கர்ஸ் என்ட்ரி’ என்று பெயர்ப் பலகையே வைத்திருக்கிறார்கள். பெயரையோ தொகையையோ ஏட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒருவகை நுழைவுதான் என்ற எண்ணத்தில், எழுதப்பட்ட குறிப்பையும் இடைக்காலத்திலேயே இந்தச் சொல்லால் அழைக்கத் தொடங்கினார்கள். ‘கணக்கில் ஏற்றினான்’, ‘பட்டாவில் பேர் ஏறிவிட்டது’ என்று தமிழில் சொல்வதிலும் இதே எண்ண ஓட்டத்தைக் காணலாம். தமிழ் ஏறுவதாகப் பார்த்ததை ஆங்கிலம் நுழைவதாகப் பார்த்தது.

உடன்பிறந்த சொற்கள்

‘என்ட்ரி’யைச் சுற்றி ‘என்ட்ரன்ஸ்’, ‘அட்மிஷன்’, ‘அக்சஸ்’, ‘இங்க்ரஸ்’ என்று ஒரு குடும்பமே இருக்கிறது. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பொருள் மாறிவிடும்.

‘என்ட்ரன்ஸ்’ பெரும்பாலும் வாசலைக் குறிக்கும். நடிகர் மேடைக்கு வருவதற்கும் அதுவே சொல். முதல் அசையை அழுத்திச் சொன்னால்தான் இந்தப் பொருள். இரண்டாம் அசையை அழுத்தினால் அது மயக்குதல், சொக்கவைத்தல் என்ற வேறு வினைச்சொல்லாகிவிடும். எழுத்து ஒன்றேயானாலும் பிறப்பு வேறு.

‘அட்மிஷன்’ என்பதில் உள்ளே விடுபவரின் அனுமதி அடங்கியிருக்கிறது. பள்ளியில் இடம் கிடைப்பதும் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ப்பதும் ‘அட்மிஷன்’தான், அவற்றை ‘என்ட்ரி’ என்று சொல்வதில்லை. தமிழில் இந்த இடத்துக்கு வாகான சொல் ‘சேர்க்கை’. சட்டத்தில் ‘அட்மிஷன்’ என்றால் ஒரு செய்தியை ஒப்புக்கொள்வது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இதை 17ஆம் பிரிவில் வரையறுத்தது. குற்றத்தையே ஒப்புக்கொள்ளும் ‘கன்ஃபெஷன்’ வேறு. காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த அத்தகைய வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியம் வந்துவிட்டாலும் இந்த வேறுபாடு அப்படியே தொடர்கிறது.

‘இங்க்ரஸ்’ அன்றாடப் பேச்சில் வராத சொல். ஆனால் கைப்பேசி வாங்குகிற எவரும் அதைக் கடந்துதான் வருகிறார்கள். ‘ஐபி68’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதில் ‘ஐ’ என்பது ‘இங்க்ரஸ்’, ‘பி’ என்பது ‘புரொட்டெக்‌ஷன்’. தூசியும் நீரும் கருவிக்குள் புகாமல் காப்பதற்கான ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தர அளவு அது. முதல் இலக்கம் தூசிக்கானது. 6 என்றால் தூசி அறவே புகாது. இரண்டாவது இலக்கம் நீருக்கானது. 8 என்றால் ஒரு மீட்டரைவிட ஆழத்தில், தயாரிப்பாளர் குறிப்பிடும் நிலைமைகளில் மூழ்கினாலும் தாங்கும். நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை அது என்பதால், கடலில் இறங்கும்போது கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டுப் போவதே நல்லது.

சாப்பாட்டு மேசைக்கு வரும் ‘ஆன்ட்ரே’யும் இதே சொல்தான். ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிலிருந்து இரண்டாம் முறையாக, பிரெஞ்சு உச்சரிப்போடு கடன் வாங்கியது. பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் முதன்மை உணவுக்கு முன்னால் வரும் சிறிய உணவுக்கு அந்தப் பெயர். அமெரிக்காவில் முதன்மை உணவையே அப்படி அழைக்கிறார்கள்.

வழியும் வாசலும்

இந்தக் குடும்பத்தில் மிகவும் கவனித்துப் பிரிக்க வேண்டியவை ‘அக்சஸ்’, ‘என்ட்ரி’ ஆகிய இரண்டும்தான். ‘அக்சஸ்’ என்பது அணுக முடிவது, சென்று சேர வழி இருப்பது. ‘என்ட்ரி’ என்பது உள்ளே போவது. அகராதியில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாட்டுக்காக மக்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

1924 மார்ச் 30 அன்று திருவிதாங்கூரின் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாகிரகத்தைப் பலரும் கோயில் நுழைவுப் போராட்டம் என்றே எழுதுகிறார்கள். அங்கே முன்வைக்கப்பட்ட கோரிக்கை கோயிலுக்குள் போவது அன்று. மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள பொதுத் தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கலாம் என்பதே கோரிக்கை. தெருவில் நடப்பதற்கே தடை இருந்த காலம் அது. தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதானபோது தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சென்று போராட்டத்தை நடத்தி, இருமுறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது வடக்கு, தெற்கு, மேற்குத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. ஆங்கிலச் சொல்லில் சொன்னால் மூன்று பக்கங்களில் ‘அக்சஸ்’ கிடைத்தது. ‘என்ட்ரி’ கிடைக்க 1936 நவம்பர் 12ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் அன்றுதான் வந்தது.

தமிழ்நாட்டில் கோயில் நுழைவுச் சிக்கல் இன்னும் பழையது. 1897இல் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து வழக்குப் போடப்பட்டது. கீழ் நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் என்று ஏறி, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், எல்லா இடத்திலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. அதற்கு 31 ஆண்டுகளுக்குப் பிறகு, 1939 ஜூலை 8 அன்று, ஏ.வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு நுழைந்தார். பிற்காலத்தில் அமைச்சரான கக்கனும் அவர்களில் ஒருவர். அன்றிருந்த சட்டப்படி அவர்களை அனுமதித்த கோயில் அதிகாரிகள்மீது வழக்குத் தொடுக்க இடமிருந்தது. ஆகவே ராஜாஜி அரசு உடனே அவசரச் சட்டம் பிறப்பித்துப் பின்னர் அதைச் சட்டமாகவும் ஆக்கியது. அந்த 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே கோயில் நுழைவுக்கு அனுமதி, நுழையவிட்டவர்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு என்ற இரண்டும் இருந்தன. சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் 1947இல் வந்தது. பொதுத் தன்மை கொண்ட இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றலாம் என்பதை அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு உறுதிசெய்தது.

அன்றைய தமிழ்ப் பத்திரிகைகளில் இதற்கு ‘ஆலயப் பிரவேசம்’ என்று பெயர். ‘நுழைவு’ பின்னால்தான் பரவலானது. ‘பிரவேசம்’ இப்போது பெரும்பாலும் ‘கிரகப்பிரவேச’ அழைப்பிதழோடு நின்றுவிட்டது.

வழியும் வாசலும் வேறு என்பதை இன்று சக்கர நாற்காலியில் வருபவர்கள் நாள்தோறும் அனுபவிக்கிறார்கள். அரசு அலுவலகம் ஒன்றில் நுழைய யாருக்கும் தடை இல்லை. ஆனால் வாசலில் நான்கு படிகள் இருந்து, சாய்தளம் இல்லாவிட்டால், சக்கர நாற்காலியில் வந்தவருக்கு அந்த அனுமதியால் பயன் ஒன்றும் இல்லை. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவில் சாய்தளம் அமைய வேண்டும் என்பது விதி. செங்குத்தாகக் கட்டிய தளத்தில் பின்னாலிருந்து ஒருவர் தள்ளாமல் ஏற முடியாது. இறங்குவது அதைவிட ஆபத்து. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களிடம் கேட்பது ‘என்ட்ரி’ அன்று, ‘அக்சஸ்’. தமிழில் இதை ‘அணுகல்’ என்கிறார்கள். ‘தடையற்ற சூழல்’ என்ற தொடர் இன்னும் தெளிவாக இருக்கிறது.

ஏட்டில் ஏறிய வரி

‘என்ட்ரி’யின் இரண்டாம் பொருள் ஆழமாக வேரூன்றிய இடம் கணக்குப் புத்தகம். வெனிஸ் நகர வணிகர்கள் கையாண்டுவந்த முறையைத் திரட்டி, லூக்கா பாச்சோலி என்ற துறவி 1494இல் தன் கணித நூலின் ஒரு பகுதியாக அச்சிட்டார். ஆங்கிலத்தில் ‘டபுள் என்ட்ரி’ என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘இரட்டைப்பதிவு முறை’ என்றும் வழங்குவது அதுவே. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு, இரண்டையும் எழுத வேண்டும் என்பது அதன் சாரம்.

ஒரு தேநீர்க் கடைக்காரர் 6,000 ரூபாய் ரொக்கம் கொடுத்துப் புதிய கேஸ் அடுப்பு வாங்குகிறார். குறிப்பேட்டில் முதல் வரி: ‘உபகரணக் கணக்கு, பற்று 6,000’. அடுத்த வரி சற்று உள்ளே தள்ளி: ‘ரொக்கக் கணக்கு, வரவு 6,000’. அதன் கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கம்: ‘கடைக்கு அடுப்பு வாங்கியது’. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு ‘என்ட்ரி’. கடைக்கு வந்த அடுப்பு பற்றில் இருக்கிறது, கடையை விட்டுப் போன பணம் வரவில் இருக்கிறது. புதிதாகப் படிக்கும் மாணவருக்குத் தலைகீழாகத் தோன்றினாலும் முறை இதுவே. இங்கிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதும்போது இரு பக்கங்களின் கூட்டுத்தொகையும் ஒத்துவர வேண்டும். தவறாக எழுதிய பதிவை அடிக்கவோ சுரண்டவோ கூடாது. அதைச் சரிசெய்யத் திருத்தப் பதிவு என்று இன்னொன்று எழுதப்படும். பழைய தவறும் அதன் திருத்தமும் தேதியோடு ஏட்டில் நிற்கும். தணிக்கையாளர் நம்பிப் படிக்கும் கணக்கு அப்படித்தான் உருவாகிறது. நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று தமிழ் வணிகர் வீடுகளில் புழங்கிய சொற்களும் இந்த ஒழுங்கை நன்கு அறிந்தவர்கள் ஆக்கியவையே.

பாஸ்புக்கில் விழும் வரியைப் பார்த்துச் சிலர் குழம்புவதுண்டு. வாடிக்கையாளர் போட்ட பணம் அவருக்குச் சொத்து. அவர் தன் கணக்கை எழுதினால் வங்கியிலுள்ள பணத்தைப் பற்றில் எழுதுவார். ஆனால் பாஸ்புக்கில் அது வரவாக அச்சாகிறது. அந்த வரி வங்கியின் பேரேட்டிலிருந்து எடுத்தது. வாடிக்கையாளர் பணம் வங்கிக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் என்பதால் வங்கி அதை வரவில் எழுதுகிறது.

எழுதப்பட்ட பதிவு எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வரும். அரசு அலுவலர் தன் கடமையின்படி பதிவேட்டில் எழுதிய குறிப்பு சாட்சியமாகும். வணிகர் முறையாக வைத்திருக்கும் கணக்குப் பதிவும் பொருத்தமான சாட்சியமே. ஆனால் அந்தப் பதிவை மட்டும் வைத்து யார்மீதும் பொறுப்பைச் சுமத்திவிட முடியாது என்று 1872 சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. தன் நோட்டில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதித் தொகை போட எவராலும் முடியும் அல்லவா? 1998இல் ஜெயின் ஹவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைத்தான் எடுத்தாண்டது. தனித்தனித் தாள்கள் கணக்குப் புத்தகம் ஆகா, நோட்டுப் புத்தகங்களில் உள்ள பதிவுகளும் வேறு ஆதாரத்தின் துணையின்றிப் போதா என்பது அதன் முடிவு.

நிலத்துக்கும் இது பொருந்தும். பட்டாவில் பெயர் ஏறிவிட்டால் நிலம் தன்னுடையது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வருவாய்த்துறைப் பதிவு வரி வசூலுக்கானது. அதுவே உரிமையைத் தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றிலும் பதிவான ஆவணங்களே வரிசையாக வரும். பதிவு செய்யாத ஒப்பந்தம் ஒன்று இருந்தால் அதில் தெரியாது.

அகராதியின் ஒவ்வொரு தலைச்சொல்லும் அதன் விளக்கமும் சேர்ந்தது ஒரு ‘என்ட்ரி’. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் அத்தகைய பதிவுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். கணினியில் விவரங்களை ஏற்றும் ‘டேட்டா என்ட்ரி’யைத் தமிழ்நாடு அரசு அறிவிப்புகள் ‘தரவு உள்ளீடு’ என்கின்றன. அந்தச் செயலுக்கு அது பொருத்தமான சொல்தான்.

இரண்டு பொருளும் ஒரே வரியில் மோதிக்கொள்ளும் இடம் இந்திய அரசியலமைப்பில் இருந்தது. ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் எவையெவை குறித்துச் சட்டம் இயற்றலாம் என்று பட்டியலிடும் ஏழாம் அட்டவணையில் ஒவ்வோர் இனத்துக்கும் ‘என்ட்ரி’ என்று பெயர். மாநிலப் பட்டியலின் 52ஆம் ‘என்ட்ரி’, ஓர் உள்ளாட்சிப் பகுதிக்குள் நுகர்வுக்கோ பயன்பாட்டுக்கோ விற்பனைக்கோ வரும் பொருள்களின் ‘என்ட்ரி’ மீதான வரி பற்றியது. முதல் ‘என்ட்ரி’ பதிவு, இரண்டாவது நுழைவு. தமிழில் பெயர்ப்பவர் இரண்டு சொற்களைப் பயன்படுத்தாமல் இந்த வரியைக் கடக்கவே முடியாது. வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் வாங்கிய வாகனங்களுக்குத் தமிழ்நாடு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாங்கிவந்த நுழைவு வரி இந்தப் பதிவைச் சார்ந்ததே. சரக்கு மற்றும் சேவை வரிக்கு வழிவிட்ட 2016ஆம் ஆண்டின் 101ஆவது திருத்தம் 52ஆம் பதிவை நீக்கிவிட்டது.

எல்லையில்

கடவுச்சீட்டில் ஒட்டும் விசாவில் ‘சிங்கிள் என்ட்ரி’, ‘மல்டிபிள் என்ட்ரி’ என்ற குறிப்பு இருக்கும். பயணிகள் அதிகம் இழப்பது இந்த ஒரு வரியைக் கவனிக்காமல்தான். ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசாவில் பாரிஸ் போனவர், இடையில் இரண்டு நாள் லண்டன் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால், திரும்பப் பாரிசுக்குள் நுழைய முடியாது. விசாவின் செல்லுபடிக் காலம் இன்னும் மிச்சம் இருந்தாலும், வெளியேறிய கணமே அவருடைய ஒரே நுழைவு தீர்ந்துவிடுகிறது. எத்தனை முறை நுழையலாம், எந்தத் தேதிக்குள் நுழையலாம், நுழைந்த பின் எத்தனை நாள் தங்கலாம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கணக்கு. விசா இருந்தாலே உள்ளே விட்டாக வேண்டும் என்பதும் இல்லை. கடைசி முடிவு குடியேற்ற அதிகாரியின் கையில் இருக்கிறது. அவர் அமர்ந்திருக்கும் விமான நிலையமோ துறைமுகமோ தரைவழிச் சாவடியோ எதுவானாலும் ஆங்கிலத்தில் ‘போர்ட் ஆஃப் என்ட்ரி’தான்.

சரக்கு நுழையும்போது ‘பில் ஆஃப் என்ட்ரி’ வேண்டும். பெயரில் ‘பில்’ இருப்பதால் பணம் கேட்கும் சீட்டு என்று எண்ணிவிடக் கூடாது. இறக்குமதியாளர் தன் சரக்கின் விவரத்தையும் மதிப்பையும் சுங்கத்துறைக்குத் தெரிவிக்கும் படிவம் அது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. ஏற்றுமதிக்கு உள்ள படிவம் வேறு, அதன் பெயர் ‘ஷிப்பிங் பில்’.

பூமியின் எல்லையிலும் ஒரு நுழைவு உண்டு. விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பி வருவதை ‘ரீ-என்ட்ரி’ என்பார்கள். வேகமாக வரும் கலத்தின் முன்னால் காற்று அழுந்திச் சூடேறுவதால் வெப்பக் கவசம் இல்லாத கலம் எரிந்துபோகும். இறங்கும் கோணமும் முக்கியம். செங்குத்தாக வந்தால் வெப்பமும் அழுத்தமும் தாங்காது. மிகவும் சாய்வாக வந்தால் காற்றின் மேலடுக்கில் பட்டு மீண்டும் வெளியே போய்விடும். இஸ்ரோ 2007 ஜனவரி 10 அன்று ஏவிய எஸ்ஆர்இ-1 கலம் 12 நாள் சுற்றிவிட்டு வங்காள விரிகுடாவில் பத்திரமாக இறங்கியது. மனிதர் அமரும் கூண்டின் மாதிரியை வைத்து 2014 டிசம்பர் 18 அன்று நடந்த சோதனையின் பெயரிலேயே ‘ரீ-என்ட்ரி’ இருந்தது. பத்திரிகைகள் எழுதும் ‘மறுநுழைவு’ இதற்குச் சரியான தமிழ்.

தமிழர் வாயில்

தமிழ்ப் பேச்சுக்குள் வந்த பிறகு ‘என்ட்ரி’ ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வாழ்வைப் பெற்றிருக்கிறது. ‘மாஸ் என்ட்ரி’, ‘அரசியல் என்ட்ரி’, ‘ரீ-என்ட்ரி கொடுக்கிறார்’ ஆகியவை செய்தித் தலைப்புகளில் அன்றாடம் வருகின்றன. திரையில் நாயகன் தோன்றும் இடத்தில் ஆங்கிலேயர் ‘என்ட்ரன்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். ‘என்ட்ரி கொடுத்தார்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், வேறு யாரையோ உள்ளே விட்டார் என்று பொருளாகிவிடும். தமிழில் அது தவறன்று. ‘குரல் கொடுத்தார்’, ‘பேட்டி கொடுத்தார்’ என்ற தமிழ் அமைப்பில் பிறந்த தமிழ்த் தொடர் அது. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் அதை அப்படியே கொண்டுபோகக் கூடாது.

நாயகனின் வருகையை இப்படிக் கொண்டாடும் வழக்கத்தைத் திரைப்படம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அறிவிக்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் தன் பெருமையைத் தானே பாடுவார். கிரீடத்தின் நுனியும் கால் சலங்கையின் ஒலியும் மட்டும் எட்டும். திரை விலகும்வரை கூட்டம் காத்துக் கிடக்கும். தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளாவில் ஒவ்வொரு பாத்திரமும் மேடைக்கு வருவதற்குத் தனிப் பாட்டே உண்டு. அதற்குப் பிரவேச தரு என்று பெயர். நட்சத்திர நடிகரின் முதல் காட்சிக்குத் திரையரங்கில் எழும் ஆரவாரம் அந்த மரபிலிருந்து வருவது.

‘வைல்டு கார்டு என்ட்ரி’ தொலைக்காட்சிப் போட்டிகளால் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த தொடர். டென்னிஸில் தரவரிசைப்படி தகுதி பெறாத ஆட்டக்காரருக்குப் போட்டி நடத்துவோர் தாமாகத் தரும் இடத்துக்கு அந்தப் பெயர். 2001இல் உலகத் தரவரிசையில் 125ஆம் இடத்தில் இருந்த குரோவேசியாவின் கோரன் இவானிசெவிச் அப்படி விம்பிள்டனுக்குள் வந்து பட்டத்தையே வென்றார். இங்கே ‘என்ட்ரி’ என்பது வாய்ப்பையும் குறிக்கும், வந்த ஆளையும் குறிக்கும். கட்டுரைப் போட்டிக்கு அனுப்பிய கட்டுரையும் இவ்வாறே ஒரு ‘என்ட்ரி’. ‘என்ட்ரி லெவல்’ என்பது வேலையிலோ வாகனத்திலோ கீழ்ப்படி. ‘தொடக்கநிலை’ என்றால் போதும்.

ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. ‘அறைக்குள் நுழைந்தான்’ என்ற வேற்றுமை உருபை மனத்தில் வைத்துக்கொண்டு ‘என்டர்ட் இன்டு த ரூம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அறை, ஊர், நாடு போன்ற இடங்களுக்கு ‘என்டர்’ மட்டும் போதும். ஒப்பந்தம், பேச்சுவார்த்தை, விவாதம் போன்றவற்றுக்கே ‘என்டர் இன்டு’ வரும். பெயர்ச்சொல்லான ‘என்ட்ரி’க்கு ‘இன்டு’, ‘டு’ இரண்டும் பொருந்தும். ‘என்ட்ரி இன்டு ஃபோர்ஸ்’ என்பது ஒப்பந்தமோ சட்டமோ நடைமுறைக்கு வருவது. கையெழுத்திடும் நாளும் அந்த நாளும் வெகுதொலைவில் இருக்கலாம். பருவநிலை பற்றிய கியோட்டோ நெறிமுறை 1997 டிசம்பரில் ஏற்கப்பட்டு, 2005 பிப்ரவரி 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இங்கே ‘நுழைவு’ என்று பெயர்த்தால் வாசகருக்கு எதுவும் விளங்காது.

படிவங்களைத் தமிழாக்குவோர் இந்தச் சொல்லைக் கண்டதும், இங்கே ஆளோ பொருளோ உள்ளே வருகிறதா, அல்லது ஏதாவது எழுதப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே வந்தால் நுழைவு, எழுதினால் பதிவு, கணினியில் ஏற்றினால் உள்ளீடு, பள்ளியிலும் மருத்துவமனையிலும் சேர்க்கை. ஏட்டின் ஓரத்தில் இருக்கும் ‘என்ட்ரி நம்பரை’ ‘நுழைவு எண்’ என்று அச்சிட்டால், நிரப்ப வந்தவர் அலுவலக ஊழியரிடம் விளக்கம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். ‘பதிவு எண்’ என்றாலோ வாகனத்துக்கும் பத்திரத்துக்கும் உள்ள பதிவு எண்ணோடு அது கலந்துவிடும். ‘பதிவின் வரிசை எண்’ என்று எழுதுங்கள்.